மோட்டார் வண்டியில் கணிப்பொறி: மின்வசதியைத் தேர்ந்தெடுக்கும் முறை

விஞ்ஞானத்தை வண்டியில் ஏற்றிக் கிராமங்களுக்கு எடுத்துச் செல்லும் வழக்கம் நம் நாட்டிற்குப் புதியதன்று. கொல்கத்தாவிலுள்ள பிர்லா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1965-ஆம் ஆண்டிலேயே நடமாடும் கண்காட்சி ஒன்றைப் பேருந்தில் அமைத்து அனுப்பத் தொடங்கியது. இன்று மண் பரிசோதனை வண்டி, நடமாடும் மருத்துவ வண்டி, கால்நடை மருத்துவ வண்டி எனப் பலவகை வண்டிகள் ஊர்தோறும் செல்கின்றன. இவற்றுள் பலவற்றில் கணிப்பொறி ஒன்றும் இடம் பெற்றுவிட்டது. பரிசோதனை முடிவுகளைப் பதிந்து வைப்பதும், மாணவர்களுக்குத் திரையில் படம் காட்டுவதும், நாள் முடிவில் தலைமை அலுவலகத்திற்குக் கணக்கை அனுப்புவதும் அதன் பணிகள்.

கணிப்பொறியைத் தேர்ந்தெடுப்பதில் காட்டப்படும் கவனம், அதற்கு மின்சாரம் வழங்கும் சாதனத்தைத் தேர்ந்தெடுப்பதில் பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. வண்டி புறப்படும் முந்திய நாள், கடைத்தெருவில் கிடைக்கும் ஏதேனும் ஒரு பெட்டியை வாங்கிப் பொருத்திவிடுவதே வழக்கமாக இருக்கிறது. அதன் பலன் சில நாட்களிலேயே தெரிந்துவிடும். ஓட்டுநர் சாவியைத் திருப்பியவுடன் திரை இருண்டு போகிறது. அந்தக் கணத்தில் எழுதப்பட்டுக் கொண்டிருந்த பதிவு சிதைகிறது. நாற்பது வயல்களின் மண் கணக்கை மறுபடியும் முதலிலிருந்து எடுக்க வேண்டி வருகிறது. அல்லது, வாரவிடுமுறை கழிந்து வந்து பார்க்கும்போது வண்டியே கிளம்ப மறுக்கிறது. பழுது பார்ப்பவர் ஒருவரும் இல்லாத மலையூரில் இவ்வாறு நேர்ந்தால், ஊழியர்களின் நிலை என்னவாகும் என்று சொல்ல வேண்டுவதில்லை.

கடையில் விற்கும் சாதனங்களின் மேல் "இத்தனை வாட்" என்று பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். வாங்குவோரும் அதையே பார்க்கிறார்கள். ஆயினும் வண்டியில் பொருத்தப்படும் சாதனத்தின் தகுதியை அந்த எண் மட்டும் தீர்மானிப்பதில்லை. இயந்திரம் கிளம்பும் அந்த ஒரு விநாடியையும், பாட்டரியின் இணைப்பு திடீரென்று அறும் கணத்தையும், வண்டி வெறுமனே நிற்கும் நீண்ட இரவையும் அது எவ்வாறு சமாளிக்கிறது என்பதே முக்கியமானது.

"12 வோல்ட்டு" என்பதன் பொருள்

கார்களிலும் ஜீப்புகளிலும் உள்ள மின்சாரம் 12 வோல்ட்டு என்று சொல்வது மரபு. ஆனால் எந்த நேரத்திலும் அது சரியாக 12 வோல்ட்டாக நிற்பதில்லை. ஈய அமிலப் பாட்டரியில் ஆறு கலங்கள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. முழுமையாக மின்னேற்றம் பெற்று ஓய்வில் இருக்கும்போது ஒவ்வொரு கலமும் ஏறத்தாழ 2.1 வோல்ட்டு தரும். ஆக மொத்தம் 12.6 வோல்ட்டு. பாதி தீர்ந்த நிலையில் இது சுமார் 12.2 வோல்ட்டாகக் குறையும். இயந்திரம் ஓடி, ஆல்ட்டர்னேட்டர் மின்னேற்றம் செய்யும்போதோ 13.8 முதல் 14.4 வோல்ட்டு வரை உயரும். அண்மைக் கால வண்டிகள் பலவற்றில், எரிபொருள் சிக்கனத்திற்காக ஆல்ட்டர்னேட்டரின் அழுத்தத்தை வண்டியே கூட்டியும் குறைத்தும் கொள்கிறது. ஆதலால், அழுத்தத்தை மட்டும் அளந்து "இயந்திரம் ஓடுகிறது, ஓடவில்லை" என்று முடிவு செய்யும் மலிவான சாதனங்கள் அவ்வண்டிகளில் ஏமாந்து போகின்றன.

இவையெல்லாம் சிறு மாறுதல்கள். பெரிய மாறுதல் சாவியைத் திருப்பும்போது நிகழ்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. பாட்டரிக்கும் இணைப்புகளுக்கும் சேர்ந்து ஓர் ஓமில் நூறில் இரண்டு பங்கு தடை இருப்பதாகக் கொள்வோம். 200 ஆம்பியர் ஓடும்போது, ஓம் விதிப்படி, அத்தடையிலேயே 4 வோல்ட்டு இழக்கப்படுகிறது. எஞ்சுவது 8.6 வோல்ட்டு. பழைய பாட்டரியாகவும், குளிர்ந்த விடியற்காலையாகவும், டீசல் இயந்திரமாகவும் இருப்பின் 6 வோல்ட்டு வரைகூட இறங்கலாம். கணிப்பொறிக்கு 12, 5, 3.3 வோல்ட்டு என மூன்று அழுத்தங்கள் தேவை. அவற்றில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் ஏற்றத் தாழ்வு கூடாது. ஆகவே பாட்டரியை நேரே கணிப்பொறியின் 12 வோல்ட்டு முனையில் இணைத்துவிடலாம் என்று எண்ணுவது பிழை.

ஓம் விதியைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இது கைக்கெட்டிய சோதனையாகும். மாலை நேரத்தில் வண்டியின் முன்விளக்குகளை எரியவிட்டு, பிறகு இயந்திரத்தைக் கிளப்பச் சொல்லலாம். விளக்குகள் மங்கிப் பின் முன்னிலும் பிரகாசமாக எரிவதை வகுப்பு முழுவதும் காணும். மங்குவது பாட்டரியின் உள்தடையால், பிரகாசிப்பது ஆல்ட்டர்னேட்டரால். சில வண்டிகளில் கிளம்பும் நேரத்தில் விளக்குகள் தாமாகவே அணைக்கப்படுகின்றன. அங்கே பாட்டரி முனைகளில் வோல்ட்டு மானியை இணைத்துக் காட்டலாம்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. வண்டியின் மின்சுற்றில் பாட்டரி ஒரு பெரிய ஏரியைப் போன்றது. ஆல்ட்டர்னேட்டரிலிருந்து வரும் வெள்ளத்தை அது தாங்கிக் கொள்கிறது. மிகுந்த மின்னேற்றம் நடந்து கொண்டிருக்கும்போது, பாட்டரியின் முனை தளர்ந்து கழன்று விட்டால், அந்த வெள்ளத்திற்குப் போக்கிடம் இல்லை. ஆல்ட்டர்னேட்டரின் காந்தச் சுருளில் தேங்கிய ஆற்றல் உடனே அடங்குவதுமில்லை. அழுத்தம் திடீரென்று உயர்கிறது. வண்டிகளின் மின்சாதனங்களுக்கான சர்வதேசத் தர நிர்ணயத்தில், பாதுகாப்பு அமைப்பு இல்லாத 12 வோல்ட்டு வண்டிகளுக்கு 79 முதல் 101 வோல்ட்டு வரையிலும், 24 வோல்ட்டு வண்டிகளுக்கு 151 முதல் 202 வோல்ட்டு வரையிலும் சோதனை அழுத்தம் குறிக்கப்பட்டுள்ளது. இது நீடிப்பது ஒரு விநாடியின் சிறு பகுதியே. கணிப்பொறியின் நுண்சுற்றுகளை எரித்துவிட அது போதும். புதிய ஆல்ட்டர்னேட்டர்கள் பலவற்றுள் இதனை 35 வோல்ட்டு அளவில் தடுத்து நிறுத்தும் டையோடுகள் வைக்கப்பட்டுள்ளன. பழைய வண்டியில் அவை இருக்கும் என்று நம்ப இடமில்லை. பாட்டரி முனைகளில் வெண்மையாகப் பூத்திருக்கும் உப்பை மாதம் ஒரு முறை துடைத்து, திருகாணிகளை இறுக்கி வைப்பது செலவில்லாத காப்பாகும்.

இரண்டு வழிகள்

வண்டியின் மின்சாரத்தைக் கணிப்பொறிக்கு ஏற்றதாக மாற்றும் பிரச்சினை கணிப்பொறிக்கு முன்பே தோன்றியது. 1930-களில் கார்களில் வைக்கப்பட்ட வானொலிப் பெட்டிகளின் வால்வுகளுக்கு 200 வோல்ட்டு அளவில் அழுத்தம் தேவைப்பட்டது. மின்மாற்றி நேர் மின்னோட்டத்தில் இயங்காது. ஆதலால் அதிரும் உலோக நாக்கு ஒன்று, விநாடிக்கு நூறு தடவைக்கு மேல் மின்சுற்றைத் திறந்து மூடி, நேர் மின்னோட்டத்தைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுத்தது. நறுக்கப்பட்ட மின்னோட்டத்தை மின்மாற்றி உயர்த்தியது. அந்த நாக்கு தேய்வதும் ஒட்டிக்கொள்வதும் அன்றைய பழுது பார்ப்போருக்கு அன்றாடத் தொல்லை. இன்று அதே நறுக்கும் வேலையை டிரான்ஸிஸ்டர்கள், விநாடிக்கு இலட்சக்கணக்கான தடவைகள், ஓசையின்றிச் செய்கின்றன. கருவி மாறியதே தவிர உபாயம் மாறவில்லை.

இன்று கடைகளில் கிடைப்பவை இரண்டு வகை. முதலாவது இன்வெர்ட்டர். அது வண்டியின் 12 வோல்ட்டை 230 வோல்ட்டு மாறு மின்னோட்டமாக உயர்த்துகிறது. கணிப்பொறியுடன் வந்த சாதாரண மின்பெட்டியை அதில் செருகிக் கொள்ளலாம். வேறு எதையும் மாற்ற வேண்டியதில்லை, வசதிதான். ஆனால் 12 வோல்ட்டை 230 வோல்ட்டாக உயர்த்தி, உயர்த்தியதை மறுபடியும் 12 வோல்ட்டாகவும் 5 வோல்ட்டாகவும் இறக்குவது, தண்ணீரை மாடிக்கு இறைத்து மீண்டும் முற்றத்துக்குக் கொண்டு வருவது போன்றது. ஒவ்வொரு படியிலும் நூற்றுக்குப் பதினைந்து பங்கு வெப்பமாக வீணாகிறது எனக் கொண்டால், இறுதியில் பயன்படுவது எழுபத்திரண்டு பங்கே. கணிப்பொறி அணைந்திருக்கும்போதும் இன்வெர்ட்டர் தன் பங்குக்குச் சிறிது மின்சாரத்தை உண்டு கொண்டேயிருக்கும். மேலும் மலிவான இன்வெர்ட்டர்கள் தருவது உண்மையான அலைவடிவம் அன்று. சதுரப் படிகளாக ஏறியிறங்கும் வடிவம். சில வகை மின்பெட்டிகள் அதை ஏற்றுக்கொள்ளாமல் சூடேறும், அல்லது அணைந்துவிடும். எல்லாவற்றிற்கும் மேலாக, பாட்டரி அழுத்தம் 10 வோல்ட்டு அளவுக்கு இறங்கியதும் பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் தம்மைத் தாமே நிறுத்திக் கொள்கின்றன. அதாவது, சாவி திருப்பப்படும் அதே கணத்தில்.

இரண்டாவது வகை, நேர் மின்னோட்டத்தை நேர் மின்னோட்டமாகவே மாற்றித் தரும் சாதனம். உள்ளே வருவது 6 வோல்ட்டாயினும் 30 வோல்ட்டாயினும், வெளியே செல்வது மாறாமல் நிற்கும்படி அதனை அமைக்கலாம். தேவைக்கு மேல் வந்தால் இறக்குவதும், குறைந்தால் ஏற்றுவதும் ஒரே சுற்றின் வேலை. நிரந்தரமாகப் பொருத்தப்படும் கணிப்பொறிக்கு இதுவே ஏற்றது. வாங்கும்போது, அதன் உள்ளீட்டு எல்லை 6 வோல்ட்டிலிருந்து தொடங்குகிறதா என்று குறிப்புத் தாளில் பார்க்க வேண்டும். "9 வோல்ட்டு முதல்" என்றோ "11 வோல்ட்டு முதல்" என்றோ இருந்தால், அது மேசை மேல் பயன்படும், வண்டியில் பயன்படாது.

மடிக்கணிப்பொறி வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு கவலையில்லை. அதனுள்ளேயே ஒரு பாட்டரி இருப்பதால், வண்டி கிளம்பும் விநாடிகளில் வெளி மின்சாரம் நின்றாலும் அது தொடர்ந்து இயங்கும். 12 வோல்ட்டை 19 அல்லது 20 வோல்ட்டாக உயர்த்தும் சிறு மாற்றி ஒன்று போதும். இப்போதைய மடிக்கணிப்பொறிகள் பலவும் யூஎஸ்பி-சி முனை வழியாக 20 வோல்ட்டு, 5 ஆம்பியர், அதாவது 100 வாட் வரை பெற்றுக் கொள்கின்றன. ஓரிரண்டு ஊழியர்கள் பதிவு வேலைக்கு மட்டும் பயன்படுத்தும் வண்டியில், நிரந்தரக் கணிப்பொறியைப் பொருத்தப் பணம் செலவிடுவதைவிட இதுவே புத்திசாலித்தனம். மாலையில் கையோடு எடுத்துச் செல்லவும் முடியும்.

ஒரு கணக்கு

வண்டியிலுள்ள கணிப்பொறி 60 வாட், திரை 20 வாட், தொடர்புக் கருவி 10 வாட் என்று கொள்வோம். மொத்தம் 90 வாட். மாற்றியின் திறன் நூற்றுக்குத் தொண்ணூறாயின், பாட்டரியிலிருந்து 100 வாட் எடுக்கப்படும். 12 வோல்ட்டில் அது 8.3 ஆம்பியர். இங்கே ஒரு நுட்பம் உண்டு. சாதாரண விளக்கில் அழுத்தம் குறைந்தால் மின்னோட்டமும் குறையும். இந்த மாற்றியிலோ, வெளியே தர வேண்டிய வாட் மாறாததால், அழுத்தம் குறையக் குறைய மின்னோட்டம் கூடும். 7 வோல்ட்டில் அது 14 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஆகவே கம்பியும் உருகு கம்பியும் 8 ஆம்பியருக்கு மட்டும் கணக்கிடப்படக் கூடாது.

கம்பியைப் பற்றிப் பலரும் அலட்சியமாக இருக்கிறார்கள். ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனும் உள்ள செம்புக் கம்பியின் தடை சுமார் 0.017 ஓம். பாட்டரியிலிருந்து கணிப்பொறிக்கு 4 மீட்டர் தூரம் என்றால், போகவும் வரவும் 8 மீட்டர். கம்பியின் பருமன் 1.5 சதுர மில்லிமீட்டராயின் தடை 0.09 ஓம், 9 ஆம்பியரில் 0.8 வோல்ட்டு கம்பியிலேயே தீரும். 4 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இது 0.3 வோல்ட்டாகக் குறையும். ஏற்கெனவே 7 வோல்ட்டுக்கு இறங்கிவிட்ட நேரத்தில் அந்த அரை வோல்ட்டு, கணிப்பொறி பிழைப்பதற்கும் அணைவதற்கும் உள்ள வேறுபாடாக அமையலாம். சிகரெட் பற்றவைக்கும் துளையிலிருந்து மின்சாரம் எடுப்பதும் இந்த அளவுக்கு ஏற்றதன்று. அதன் வில் தொடுப்பு குண்டும் குழியுமான பாதையில் விட்டு விட்டுத் தொடும். பாட்டரியிலிருந்து தனிக் கம்பி இழுத்து, பாட்டரிக்கு ஒரு சாண் தூரத்திற்குள்ளாகவே 15 ஆம்பியர் உருகு கம்பியை வைக்க வேண்டும். கணிப்பொறியின் பக்கத்தில் வைத்தால், இடையில் கம்பி உராய்ந்து வண்டியின் உடலைத் தொடும்போது அது காப்பாற்றாது, வண்டி தீப்பற்றும்.

இனி இரவைப் பற்றி. "அணைத்துவிட்டோம்" என்று ஊழியர் நினைக்கும் கணிப்பொறி உண்மையில் உறக்கத்தில் மட்டும் இருக்கலாம். உறங்கும் கணிப்பொறியும் மாற்றியும் சேர்ந்து 3 வாட் எடுப்பதாக வைத்துக் கொண்டால், அது கால் ஆம்பியர். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி முதல் திங்கள் காலை ஆறு மணி வரை அறுபது மணி நேரம். 15 ஆம்பியர்-மணி செலவாகியிருக்கும். 60 ஆம்பியர்-மணி பாட்டரியில் இது கால் பங்கு. புதிய பாட்டரி இதைத் தாங்கும். பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் வண்டி நின்றுவிட்டால் 42 ஆம்பியர்-மணி போய்விடும்; பிறகு இயந்திரத்தைத் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கென்று செய்யப்படும் பாட்டரிகள் இவ்வாறு ஆழமாகத் தீர்க்கப்படுவதைப் பொறுப்பதுமில்லை. சில தடவைகளிலேயே அவற்றின் ஆயுள் குறைந்துவிடும்.

ஆகவே நல்ல சாதனத்தில் சாவியின் நிலையை அறியும் தனிக் கம்பி ஒன்று இருக்க வேண்டும். சாவி மூடப்பட்டதும் அது சில விநாடிகள் பொறுத்திருந்து, கணிப்பொறியை முறைப்படி அணையுமாறு அறிவித்து, அது அணைவதற்கு ஓரிரு நிமிடம் கொடுத்து, அதன் பிறகு எல்லா மின்சாரத்தையும் அறவே துண்டிக்கும். அந்தப் பொறுமை இன்றியமையாதது. ஏனெனில் பல வண்டிகளில் வானொலி முதலிய துணைக் கருவிகளுக்கான மின்சாரம் ஸ்டார்ட்டர் சுழலும்போது நின்று விடுகிறது. அதையே "வண்டி நின்றுவிட்டது" என்று கொண்டு உடனே துண்டிக்கும் சாதனத்தால் பயனில்லை. சாவி திறந்திருக்க இயந்திரம் ஓடாமல் நிற்கும் வேளைக்காக மற்றொரு காவலும் தேவை: பாட்டரி 11 வோல்ட்டு அளவுக்குக் கீழ் ஒரு நிமிடம் தொடர்ந்து நின்றால் தானாகவே துண்டிக்கப்பட வேண்டும். ஒரு நிமிடம் என்னும் நிபந்தனை இல்லாவிடில், சாவி திருப்பும்போது ஏற்படும் இறக்கமே துண்டிப்பை உண்டாக்கிவிடும்.

முகாம்களில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மூன்று மணி நேரம் படம் காட்டுவதாயின், மேற்கண்ட கணக்குப்படி 25 ஆம்பியர்-மணி செலவாகும். இதற்கு வண்டியின் பாட்டரியை நம்பக் கூடாது. ஆழ்ந்த உபயோகத்திற்கென்று செய்யப்பட்ட இரண்டாவது பாட்டரி வேண்டும். இயந்திரம் ஓடும்போது மட்டும் இரண்டும் இணைந்து, நின்றதும் பிரிந்துவிடும்படி இடையில் ஒரு சாதனம் வைக்கப்படும். ஈய அமிலப் பாட்டரிக்குப் பதிலாக லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரி இப்போது பரவி வருகிறது. எடை குறைவு, நெடுநாள் உழைக்கும். ஆனால் உறைநிலைக்குக் கீழ் அதற்கு மின்னேற்றம் செய்தால் கெட்டுவிடும். லடாக்கிலோ லாஹௌலிலோ குளிர்காலத்தில் பணி புரியும் வண்டிக்கு அதை வாங்குவோர், குளிரில் மின்னேற்றத்தைத் தடுக்கும் அமைப்பு உள்ளதா என்று கேட்டறிதல் நலம்.

சமவெளியில் எதிரி வெப்பம். ராஜஸ்தானத்துக் கோடையில் கதவு மூடி வெயிலில் நிறுத்திய வண்டியின் உட்புறம் 60 பாகை சென்டிகிரேடைத் தாண்டும். மாற்றியிலுள்ள மின்தேக்கிகளில் சில வகைகளின் ஆயுள், வெப்பம் 10 பாகை உயர்ந்தால் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். ஆசனத்தின் கீழ்க் கம்பளத்தில் புதைத்து வைக்கப்படும் மாற்றி நெடுநாள் உழைக்காது. மேலே குறித்த 90 வாட் தேவைக்கு, குறைந்தது 135 வாட் தொடர்ந்து தரக்கூடிய சாதனத்தை வாங்குவது நலம். பெட்டியின் மேல் அச்சிடப்பட்ட எண் உச்ச அளவா, தொடர்ந்து தரும் அளவா, எந்த வெப்பத்தில் என்பவற்றையும் கேட்க வேண்டும்.

பேருந்துகளும் லாரிகளும் 24 வோல்ட்டு அமைப்பு உடையவை. இரண்டு பாட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட்டை எடுத்துக் கொள்ளும் வழக்கம் பல பணிமனைகளில் இருக்கிறது. இது கூடாது. ஒரு பாட்டரி தீர்ந்து கொண்டே போக, மற்றொன்று அளவுக்கு மீறி மின்னேற்றம் பெற்றுக் கொதிக்கும். முடிவில் இரண்டும் பாழாகும். முழு 24 வோல்ட்டையும் ஏற்கும் மாற்றியே வேண்டும். வண்டி ஓடும்போது அழுத்தம் 28 வோல்ட்டுக்கு மேல் செல்லும் என்பதால், 30 வோல்ட்டு வரை மட்டும் ஏற்கும் சாதனம் இங்கே போதாது. அதைவிட உயர்ந்த எல்லையும், திடீர் உயர்வைத் தடுக்கும் காப்பும் உடையதைத் தேட வேண்டும்.

பொருத்தி முடித்தபின், வண்டியை ஊருக்கு அனுப்புமுன் ஒரு நாள் செலவிட்டுச் சோதிக்கலாம். கணிப்பொறியில் முக்கியமில்லாத கோப்பு ஒன்றை நகலெடுக்கத் தொடங்கி, அது நடந்து கொண்டிருக்கும்போதே இயந்திரத்தைப் பத்துத் தடவை கிளப்பி நிறுத்த வேண்டும். அவற்றில் ஒரு தடவையேனும் விடியற்காலைக் குளிரில் நடப்பது நல்லது. பிறகு சாவியை எடுத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து, மாற்றிக்குச் செல்லும் கம்பியில் ஆம்பியர் மானியைத் தொடராக இணைத்துப் பார்க்க வேண்டும். மானி காட்டுவது மில்லி ஆம்பியர்களில் இருந்தால் வண்டியை விடுமுறைக்கு நிறுத்தலாம். கால் ஆம்பியர் காட்டினால், வழங்கியவரிடமே அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவது உத்தமம்.